வரிசையில் எந்தப் பக்கம் நிற்பது?

சென்ற மாதம் ஒரு வாசகி, அரசாங்கம் தரும் சீருடைத் துணியை வளரும் பிள்ளைக்கு எப்படி அளவு வைத்துத் தைப்பது என்று கேட்டிருந்தார். மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். நான் திருநங்கை, பள்ளி நாட்களில் எனக்குத் தைத்த நீலக் காற்சட்டையை ஒருநாளும் என் உடுப்பாக நினைத்ததில்லை என்று. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. பலவற்றில் பெயர் இல்லை. அனுப்பியவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன். தையல் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் இரண்டாவது மகனுக்குப் பன்னிரண்டு வயது, தரம் ஏழு. சின்ன வயதிலிருந்தே அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொள்வான். வளர்ந்தால் மாறும் என்று இருந்தோம். இப்போது பாடசாலையில் கேலி செய்கிறார்கள் என்று இரண்டு மாதமாகப் போகவில்லை. அப்பா அடிக்கிறார். கோயிலில் கயிறு கட்டியும் பார்த்தோம். கொழும்பில் சொந்தக்காரரின் கடையில் விட்டால் நான்கு ஆண்களோடு பழகிச் சரியாகிவிடுவான் என்கிறார்கள். நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஏதாவது செய்துகொள்வானோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், பொகவந்தலாவை

தங்கச்சி, உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பயத்தை ஒதுக்கிவைக்காதீர்கள். இன்று இரவே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். சில வாரங்களுக்குத் தனியாக விடாதீர்கள். கொல்லையில் அடிக்கும் மருந்துப் போத்தல்கள் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை.

கொழும்புக் கடைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். 1997 டிசம்பரில், தரம் ஒன்பது முடிந்த கையோடு, பதினான்கு வயதில், ஹட்டன் நிலையத்தில் ரயில் ஏற்றிவிட்டார்கள். நான்கு ஆண்களோடு பழகினால் சரியாகிவிடும் என்று என் மாமாவும் இதே சொற்களைத்தான் சொன்னார். கடையின் மேல்தட்டில் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே ஆறு பேர் படுத்தோம். அங்கே எனக்கு நடந்தவற்றை ஒரு தாய்க்கு நான் விவரிக்கப் போவதில்லை. இரண்டு ஆண்டுகள் நான் இரவில் கண்மூடி உறங்கியதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். வீட்டில் யாரும் துணைக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளையை யாரும் எதுவும் செய்யலாம். அது கடைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 16 வயது வரை பிள்ளை கல்வி கற்க வேண்டும் என்பது 2016 முதல் விதி. வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதும் 2021 முதல் 16. சொந்தக்காரர் வற்புறுத்தினால் இதையே காரணமாகச் சொல்லுங்கள்.

பிள்ளையின் அப்பாவைப் பற்றி. என் அப்பா பதினொரு வருடம் என்னோடு பேசவில்லை. அவர் கொடியவர் அல்லர். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்கும்போது நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்ற நினைப்புத்தான் அவரை அப்படி ஆக்கியது. உங்கள் கணவருக்கும் அந்தப் பயம் இருக்கும். பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து, கோபம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேசுங்கள். அடித்து மாறுவதாக இருந்தால் இதற்குள் மாறியிருக்கும் என்பதை அவரும் கண்ணால் கண்டிருக்கிறார். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இனி அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

பிறகு பாடசாலைக்குப் போங்கள், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு. வகுப்பாசிரியரைப் பாருங்கள். "என் பிள்ளையைத் திருத்துங்கள்" என்று கேட்காதீர்கள். தயவுசெய்து அந்தச் சொல் மட்டும் வேண்டாம். என் அம்மா அப்படிக் கேட்டார், மறுநாள் அதற்கென்றே ஒரு பிரம்பு வந்தது. யார் கேலி செய்கிறார்கள், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று பிள்ளையிடம் முன்பே கேட்டுக்கொண்டு போய், அந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் பொதுவாகத் தலையாட்டுவார்கள். தண்ணீர்க் குழாயடியில், இடைவேளையில், தரம் ஒன்பது பையன்கள் என்று சொன்னால் அங்கே ஒருவரை நிறுத்தியாக வேண்டும். இரண்டு மாதப் பாடம் பெரிய இழப்பு அல்ல. கொப்பிகளை வாங்கி எழுதிப் பிடித்துவிடலாம்.

பன்னிரண்டு வயதில் மருந்தோ பெயர் மாற்றமோ எதுவும் தேவையில்லை. மூச்சு விட இடம் இருந்தால் போதும். நீங்கள் 'மகன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தப் பதில் முழுக்கப் 'பிள்ளை' என்றே எழுதியிருக்கிறேன். தான் யார் என்று பிள்ளை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லும் வரை நீங்களும் அப்படியே கூப்பிடலாம். நம் வீடுகளில் அது புதிய சொல்லும் அல்ல.

இது நோயா? ஊசி மருந்தில் மாறுமா? – ஒரு வாசகர், ஹப்புத்தளை

நோய் அல்ல. மாற்றும் மருந்தும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், இது மன நோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவர் வைத்தியராக இருந்தாலும் சாமியாடியாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். தரம் எட்டில் முப்பத்தெட்டுப் பேர். ஒரு மாணவனின் நடை, பேச்சு எல்லாம் பெண்பிள்ளையைப் போல. மற்றவர்கள் விடாமல் சீண்டுகிறார்கள். இடம் கொடுத்தால் மற்றவர்களுக்கும் பரவிவிடும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். இது சட்டவிரோதம் என்றும் ஒருவர் சொன்னார். அந்தப் பிள்ளையிடம் நான் என்ன பேச வேண்டும்? – ஓர் ஆசிரியை

டீச்சர், உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எனக்கு யாராவது இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்று நினைத்து அழுதும்விட்டேன்.

அந்தப் பிள்ளையிடம் பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதலாவது மலசலகூடம். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து நடந்து வர ஐம்பது நிமிடம். ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியம் இரண்டரைக்குத்தான் திரும்புவேன். தரம் ஆறில், ஆண் பிள்ளைகளின் மலசலகூடத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டு காற்சட்டையை அவிழ்த்து 'சோதனை' செய்தார்கள். அதன் பிறகு மூன்றரை வருடம் நான் அங்கே போகவே இல்லை. காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தேன். தோட்டத்து மருந்துச் சாலையில் மாத்திரை கொடுத்தார்கள். ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணிதம் எங்கே ஏறும்? உங்கள் மாணவர் இடைவேளையில் எங்கே போகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். போகவில்லை என்றால், ஆசிரியர்களுடையதை, சத்தமில்லாமல், பாடம் நடக்கும் நேரத்தில் பயன்படுத்த அதிபரிடம் அனுமதி வாங்கிக் கொடுங்கள். ஒரு சாவிதான் வேண்டும், சுற்றறிக்கை வேண்டாம்.

இரண்டாவது வரிசை. காலைக் கூட்டத்தில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். நான் ஒவ்வொரு நாளும் ஆண்கள் வரிசையின் கடைசியில், பெண்கள் வரிசைக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய் நிற்பேன். ஒரு மாணவத் தலைவர் என் தோளைப் பிடித்து நடுவில் இழுத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். தேவாரம் தொடங்கும். தரம் எட்டை உயர வரிசையில் நிறுத்திப் பாருங்கள் டீச்சர். குழுவேலைக்கும் பதிவு எண்படி பிரித்துப் பாருங்கள். யாருக்காகச் செய்கிறீர்கள் என்று எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவதை எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. எங்கள் கணிதப் பாடத்தில் ஒன்பதாம் வாய்ப்பாடு வந்தால், ஆசிரியர் என்னைத்தான் எழுப்பிச் சொல்லச் சொல்வார். ஓரொன்பது ஒன்பது என்று தொடங்கும்போதே வகுப்பு குலுங்கும். 'ஒன்பது' என்பது எங்களைக் கேலி செய்ய வைத்த பெயர். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் எழுப்பினார். மாணவர்களின் சீண்டலைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வகுப்பில் அதற்கு அனுமதிச் சீட்டு மேசைக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. ஓய்வறையில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது உங்கள் சக ஆசிரியர்கள் சிரித்தால், நீங்கள் சிரிக்காமல் இருங்கள். அவ்வளவு செய்தால்கூட அந்த அறையில் யாராவது ஒருவர் கவனிப்பார். அடி என்று வந்தால், உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை இருக்கிறது. அதை அச்சடித்து உங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள்.

சட்டவிரோதம் என்று சொன்னவருக்கு: திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகளைத்தான் அவர் மனதில் வைத்திருப்பார். அவை ஒரே பாலினத்தவருக்கு இடையிலான உறவுக்கு எதிராகப் பயன்படுத்தப்படுபவை. அவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் நடையைப் பேசும்போது அந்தப் பிரிவுகளை இழுப்பதே தவறு. பரவும் என்பவர்களுக்கு: என் தங்கை பல வருடம் என்னோடு ஒரே பாயில் படுத்தவள். இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுக்கு என்னிடமிருந்து பரவியது தையல் ஒன்றுதான்.

நீங்கள் தமிழ் ஆசிரியை என்பதால் இன்னொன்று. திணையும் பாலும் கற்பிக்கும் நாளில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆண்பால், பெண்பால் என்று சொல்லும்போதே பின் வாங்கிலிருந்து "அப்போ இவன்?" என்று குரல் வரும். நம்முடைய மிகப் பழைய இலக்கணம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, இவர்களும் உயர்திணைதான், தமக்கென்று தனி விகுதி இல்லாததால் உயர்திணையின் மற்றப் பால் விகுதிகளையே கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கு இது இருபத்தேழு வயதில், தனியார் பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதப் படித்தபோதுதான் தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன். பதின்மூன்று வயதில் யாராவது அந்த ஒரு விதியை வகுப்பில் சத்தமாகச் சொல்லியிருந்தால்! நீங்கள் சொல்லலாம். அந்தப் பிள்ளையைப் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்தே சொல்லலாம்.

இனி, என்ன பேசுவது என்ற உங்கள் கேள்வி. எங்கள் பாடசாலையில் ஒரு விஞ்ஞான ஆசிரியை இருந்தார். என்னிடம் எதுவும் விசாரித்ததில்லை. ஒருநாள் நூலகத்துச் சாவியைக் கையில் வைத்து, "இடைவேளையில் புத்தகங்களை அடுக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்" என்றார். அந்தச் சாவி என் கையில் இருந்த ஒன்றரை வருடம்தான் நான் ஒழுங்காகப் பாடசாலை போனேன். அவருக்கு இடமாற்றம் வந்தது. சாவி அலுவலகத்துக்குப் போனது. அடுத்த தவணையிலேயே நான் நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை உங்களை நம்பித் தானாக ஏதாவது சொன்னால், "சொன்னதற்கு நன்றி, வேறு யாருக்கும் தெரிய வேண்டுமா வேண்டாமா?" என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். சில வீடுகளில் அன்றிரவே அடி விழும்.

எனக்குப் பதினேழு வயது. பிறப்புச் சான்றிதழில் பெண். நான் ஆண். சாதாரண தரம் சித்தியடைந்து உயர்தரம் படிக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றலாம் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? தினமும் வெள்ளைக் கவுனைப் போடும்போது அழுகை வருகிறது. – பண்டாரவளை

உண்மைதான் தம்பி. 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு 01-34/2016 என்ற சுற்றறிக்கையில் இதற்கான பால்நிலை அங்கீகாரச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அதை வைத்துப் பிறப்புப் பதிவைத் திருத்தப் பதிவாளர் நாயகம் திணைக்களமும் அதே ஆண்டில் வழி செய்தது. 16 வயது ஆனவர்களுக்கு உரியது, ஆகவே உங்களுக்கும் உண்டு. சான்றிதழில் கையெழுத்திடுபவர் மனநல வைத்திய நிபுணர். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இருக்கும், பணம் கட்ட வேண்டியதில்லை. மனநலம் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உங்களுக்குப் பைத்தியம் என்று அவர் எழுதப் போவதில்லை. நீங்கள் யார் என்று நீங்களே சொல்வதைப் பல சந்திப்புகளில் கேட்டு, அதை உறுதிப்படுத்தப் போகிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்கு இது 2017இல் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், கடைசிப் பஸ்ஸில் திரும்பினேன். ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒருவர் என் பழைய பெயரை மூன்று முறை உரத்துக் கூப்பிட்டார். அறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் வரை நிறுத்தவில்லை. அப்படி நடந்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். வரிசையில் உங்கள் இடத்தை விட்டால் இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். வேலையை முடித்துக்கொண்டு, பிறகு முறையிடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் எண் 1996.

அடையாள அட்டை முக்கியம், ஏனென்றால் நம் நாட்டில் எண்ணுக்குள்ளேயே பால் இருக்கிறது. பிறந்த ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். ஜனவரி 20இல் பிறந்த ஆணுக்கு 020, பெண்ணுக்கு 500 கூட்டி 520. பெயரை மட்டும் மாற்றினால் எண் உங்களைக் காட்டிக்கொடுக்கும். 2010இல் நான் பரீட்சை எழுதப் போனபோது, அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் என்னை வெளியே நிற்க வைத்தார். யார் யாரிடமோ கேட்டு உள்ளே விட்டபோது இருபது நிமிடம் போயிருந்தது. கணிதப் பத்திரம். அன்று நான் முதலில் போட்ட கணக்குக்கு ஒன்பதால் வகுக்க வேண்டியிருந்தது. கை நடுங்கியும் சரியாகத்தான் வகுத்தேன்.

உயர்தரப் பரீட்சைக்கு முன் எல்லாம் முடியாமல் போகலாம். முடியாவிட்டால் பழைய பெயரிலேயே எழுதுங்கள், படிப்பை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள். பழைய ஆவணங்களின் பிரதிகளையும் எறியாதீர்கள். சீருடைக்கு அதிபரிடம் அம்மா மூலமாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால், நம் குளிருக்கு ஒரு பெரிய அளவு ஸ்வெட்டரை வெளியே போட்டுக்கொள்ளலாம், அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மார்பை பாண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். மூச்சுத் திணறும், விலா எலும்பு நோகும். ஹோர்மோன் மருந்தை நண்பர்கள் மூலம் வாங்கிப் போடவும் வேண்டாம். வைத்தியர் இரத்தம் பார்த்துத்தான் தர வேண்டும்.

எங்கள் காலத்தில் தோட்டத்தில் இப்படி யாரும் இருந்ததில்லை. எல்லாம் கைத்தொலைபேசி வந்த பிறகு வந்தது. பத்திரிகை ஏன் இதை வளர்க்க வேண்டும்? – ஒரு பெரியவர், புஸ்ஸல்லாவை

ஐயா, உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்திருக்கும். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, தப்பு அடித்து, ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரதி வேடம் கட்டியவர் யார்? ஆண்தான். எல்லா ஆண்களும் அந்த வேடத்துக்குச் சரிவரமாட்டார்கள் என்று வாத்தியாருக்குத் தெரியும். ஒரு நளினம் வேண்டும், ஒரு நாணம் வேண்டும். அது இருந்த பையனைத் தேடித்தான் வருவார்கள்.

1996இல் எனக்குப் பதின்மூன்று வயது. என்னைத் தேடி வந்தார்கள். விரதம் இருந்தேன். என் பாட்டி தன்னுடைய பச்சைச் சேலையைக் கட்டிவிட்டு, மை தீட்டி, என் முகத்தைத் தூக்கிப் பார்த்து, "இப்பத்தான் நீ நீயாக இருக்கிறாய்" என்றார். படிப்பில்லாத, கொழுந்து பறித்தே விரல் கறுத்த பெண். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் போன லயங்களில் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். என்னைவிட மூத்தவர்கள் கைகூப்பினார்கள். ஈசன் காமனை எரித்த இரவில் நான் அழுத ஒப்பாரிக்கு லயமே அழுதது. அது எனக்கு நடிப்பு அல்ல.

அடுத்து வந்த பாடசாலை நாளில் கண்ணில் மை முழுதாகப் போயிருக்கவில்லை. ஓர் ஆசிரியர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், காலைக் கூட்டம் முழுவதும் பார்க்க, முகத்தைத் தேய்த்துக் கழுவ வைத்தார். அந்த வரிசைகளில் நின்ற பிள்ளைகளின் தாய்மார்தான் அதற்கு முந்திய இரவு எனக்கு ஆரத்தி எடுத்தவர்கள்.

ஆகவே, உங்கள் காலத்தில் இல்லை என்று சொல்லாதீர்கள் ஐயா. கூத்து முடிந்த மறுநாள் அந்த ரதிகள் எங்கே போனார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது கலியாணம் கட்டாமல், தனியாக, ஒரு காம்பராவின் மூலையில் இருந்து செத்துப் போயிருப்பார்கள். அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். நான் அதைக் கட்டாயம் வெளியிடச் சொல்வேன்.

எனக்குப் பதினான்கு வயது. என் வகுப்பில் ஒரு நண்பன், தான் பெண் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு நான் என்ன செய்யலாம்? 'அவன்' என்று எழுதுவதா, 'அவள்' என்று எழுதுவதா? – மஸ்கெலியா

மகளே, உங்கள் கடிதத்தில் 'அவள்' என்று எழுதி, அடித்துவிட்டு 'அவன்' என்று எழுதி, அதையும் அடித்து மீண்டும் 'அவள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதாக எழுதியதே சரி. நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது அப்படியே அழையுங்கள். மற்றவர்கள் முன்னால் எப்படி அழைப்பது என்று அவளிடமே கேளுங்கள். இப்போதைக்குப் பழைய பெயரே போதும் என்று சொன்னால் அதுவே நல்லது.

இரகசியத்தைக் காப்பாற்றுங்கள். ஆனால் யாராவது அவளைத் தொட்டாலோ அடித்தாலோ, அல்லது அவள் உயிரைப் பற்றிப் பேசினாலோ, அப்போது இரகசியம் இல்லை. நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் உடனே சொல்லுங்கள், அல்லது 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண். பதினான்கு வயதில் அந்தப் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது.

மற்றபடி, பாடசாலை விட்டதும் அவளோடு சேர்ந்து நடந்து வாருங்கள். எனக்கு அந்த ஐம்பது நிமிடப் பாதைதான் மிக நீளமாக இருந்தது. மழைக் காலத்தில் மூடுபனி இறங்கியதும் முன்னால் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. இரண்டு பேராகப் போனால் கொஞ்சம் துணிவு வரும். வகுப்பில் பக்கத்தில் உட்கார முடிந்தால் உட்காருங்கள். அவள் வராத நாட்களில் அவளுக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதி வையுங்கள்.

அவள் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி என்று நீங்கள் எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.